ஒன்பது வானமும் ஒரு நாற்காலியும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மருந்துக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவரை அதை விட்டு எழுந்திருக்கவில்லை. குளிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் தூங்குவதற்கும் நடுநடுவே எழுந்து போனது உண்மைதான். அந்த நேரங்களில் அவருடைய துண்டு உட்கார்ந்திருந்தது.

நாற்காலி வரைவாளருடையது. வீடும் அவருடையதுதான், ஆனால் வீட்டைப் பற்றி அவருக்குப் பெரிய பிடிப்பு கிடையாது. நாற்காலி அப்படியில்லை. அவர் வேலை பார்க்கும் நில அளவை அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பழுப்பு ரெக்சின் நாற்காலி அது. சாய்ந்தால் சாயும். இடது கையில் கிழிசல், அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்திரி. ஐந்து சக்கரத்தில் ஒன்று இல்லை. அந்தக் காலுக்கு அடியில் மடித்த அட்டை. சைக்கிளில் கட்டி மூன்று மைல் தள்ளிக்கொண்டே வந்தார்.

முப்பத்தொரு வருஷமாக அவருக்கு நின்றுகொண்டே உத்தியோகம். வரைவு மேசை சாய்வானது, உயரமானது. உட்கார்ந்தால் தாளின் மேல்பாதி எட்டாது. எழுந்து எழுந்து உட்காருவதற்கு நின்றே தொலைக்கலாம் என்று முதல் வருஷமே முடிவு செய்துவிட்டார். பலன், முழங்காலுக்குக் கீழே நீல நரம்புகள் கிளை பிரிந்து ஓடுகின்றன. வரைபடத்தில் அவரே வரைந்த ஆறுகள் எவ்வளவோ தேவலாம், ஓரிடத்திலாவது கடலில் போய்ச் சேரும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று மேலதிகாரி சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: "அளக்கப் போற அன்னிக்கு நெலம் எவன் அனுபவத்துல இருக்கோ அவனைக் குறிச்சுட்டு வா. யாருக்குச் சொந்தம்கிறதைக் கோர்ட்டு பாத்துக்கும்." அதைத்தான் இன்றுவரை செய்துவருகிறார். கோர்ட்டும் இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

மருந்துக்காரரும் லேசுப்பட்டவர் அல்ல. மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகப் போய் டாக்டர்களின் அறை வாசலில் நின்றே பாதி ஆயுசு தேய்ந்தவர். உட்கார இடம் கிடைத்தால் அவரைக் கிளப்ப நெம்புகோல் வேண்டும். வரைவாளரும் அவரும் கல்லூரியில் ஒரே அறை. மூன்றாவது ஆள் பல் டாக்டரம்மா, அதே கல்லூரிக்காலச் சிநேகிதி. வருஷத்துக்கு ஒருமுறை மருந்துக்காரர் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் வருவார்; பல் டாக்டரம்மா தன் இரட்டைப் பையன்களோடு வருவார். மூன்று நாள் தங்கல். மூன்றாம் நாள் படம்.

படம் என்பது ஒன்பது வருஷத்துக்கு முன்னால் டீச்சர் தொடங்கிவைத்தது. டீச்சர் என்றால் மருந்துக்காரரின் மனைவி. எல்லாரும் சேர்ந்து ஒரே தாளில் ஓவியம் தீட்டினால் குடும்பங்கள் பிரியாது என்று அவர் எங்கோ படித்திருந்தார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசை அளவுக்கு ஒரு பலகை, அதில் ஒட்டிய தடித்த தாள், அதைச் சுற்றிச் சின்னதும் பெரிசுமாகப் பதினாறு முழங்கை. விதி இரண்டே. ஒருவர் வரைந்ததன்மேல் இன்னொருவர் வரையக்கூடாது. வரையாமல் யாரும் நழுவக்கூடாது.

முதல் வருஷம் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். வீடு, மரம், ரயில், என்னவென்று சொல்லமுடியாத ஒரு மிருகம். எல்லாரும் தரையில் உட்கார்ந்து வரைந்ததால் கீழ்ப்பாதி நிரம்பி வழிந்தது, மேல்பாதி வெறும் வெள்ளை.

"நீ உயரமா இருக்கேல்ல, அந்த வானத்தை மட்டும் போட்டுடுடா," என்றார் மருந்துக்காரர்.

போட்டார். நன்றாகப் போட்டார், அதுதான் தப்பு. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துகாட்டினால் அது சாகும்வரை நம் தலையில்தான் என்பது அவ்வளவு படித்தவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

வானம் பூசுவது பார்க்கத்தான் சும்மா. அலுவலகத்தில் ஏரிக்கும் குளத்துக்கும் நீலம் பூசிப் பழகிய கை அவருடையது. பலகையைச் சற்றே நிமிர்த்தி, தூரிகையில் நிறைய நீலத்தை ஏந்தி, மேல் விளிம்பில் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. கோட்டின் அடியில் தண்ணீர் முத்துமுத்தாய்த் தேங்கும். அது காய்வதற்குள், வழிவதற்குள், அடுத்த இழுப்பில் அதை வாங்கிக்கொள்ளவேண்டும். நடுவில் நின்றால் போச்சு. வானத்தில் தையல் விழுந்துவிடும். தும்மக்கூடாது. பேச்சுக்குப் பதில் சொல்லக்கூடாது. அதற்குள் கீழேயிருந்து முளைத்திருக்கிற மரத்தின் இலை, புகைபோக்கியின் புகை, ரயில் டிரைவரின் தொப்பி, எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு இறங்கவேண்டும்.

இப்படி ஒன்பது வானம் ஹால் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. பிள்ளைகளுக்கு அவர் 'வானம் மாமா'. பிற இடங்களிலும் அவர் கதை இதுதான். கல்யாண வீட்டில் எல்லாருடைய பைக்கும் அவர் காவல். குரூப் போட்டோ என்றால் எடுப்பவர் அவர். முப்பத்தொரு வருஷத்து அலுவலகப் போட்டோ எதிலும் அவர் இல்லை. இரண்டில் மட்டும் அவர் விரல் இருக்கிறது.

சனிக்கிழமை விடியற்காலை, குளியலறைக் கதவுக்கு வெளியே நான்காவது ஆளாக நின்றுகொண்டிருந்தபோது அவருக்கு ஒரு தீர்மானம் பிறந்தது. அடுக்களைக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"இந்தத் தடவை நான் வானம் போடப்போறதில்ல."

"பின்ன?"

"நாற்காலி வரையப்போறேன்."

"எந்த நாற்காலி?"

"நம்ம வீட்ல எத்தனை இருக்கு?"

"எட்டு. மாடியில ரெண்டு, கால் உடைஞ்சது."

"என் நாற்காலிடி."

"அதை வரைஞ்சு என்ன பண்ணப்போறீங்க?"

"உக்காரப்போறேன்."

அவள் பால் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வந்தவங்க எதிர்ல இப்படி ஏதாவது உளறி வைக்காதீங்க. இன்னும் ஒரு நாள்தானே, பல்லைக் கடிச்சுக்குங்க. கடிச்சா வலிச்சாலும் டாக்டர் வீட்லயே இருக்காங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வெறும் நாற்காலி, அதில் தான், காலை நீட்டிக்கொண்டு. பத்தாவது படத்தில் அவ்வளவு இடம் தனக்கு வேண்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பலகை விரிந்தது. இரட்டையர்கள் ஒரே லாரி விபத்தை ஆளுக்கொரு பக்கமிருந்து தொடங்கி, நடுவில் மோதவிட்டார்கள். பல் டாக்டரம்மா வரைந்த மரம் வேரோடு பிடுங்கிய கடைவாய்ப்பல் மாதிரி இருந்தது. அவரே அதை ஒத்துக்கொண்டார். மருந்துக்காரரின் மூத்த மகளுக்குப் பதினாலு வயது. அவள் காற்றில் கூந்தல் பறக்கும் ஒரு பெண்ணை வரைந்தாள். ஒவ்வொரு முடியும் தனித்தனி. மொத்தம் நாற்பதாவது இருக்கும், அத்தனையும் வானத்துக்குள்.

மருந்துக்காரர் நாற்காலியில் சாய்ந்தபடி மேற்பார்வை பார்த்தார். "அந்தப் பச்சை கொஞ்சம் தூக்கலா இல்ல? டேய், லாரிக்கு நம்பர் போடு, கேஸ் நிக்காது."

"நீங்க எறங்கி வந்து ஒரு கோடாவது போடுங்களேன்," என்றார் டீச்சர்.

"நான் ஐடியா குடுக்கறேன்ல? அதுவும் வரையறதுதான்."

வரைவாளர் வலது மூலையில் முழங்காலிட்டார். முழங்கால் முனகியது. பென்சிலை எடுத்து நாற்காலியை வரைந்தார். பழக்கதோஷம், அளவுப்படிதான் வந்தது, ஒன்றுக்குப் பத்து. பிளாஸ்திரியின் இடம்கூடத் தப்பவில்லை. ஆளை வண்ணத்தோடு சேர்த்தே போட்டுக்கொள்ளலாம் என்று காலியாக விட்டார். பழுப்பை ஒரு கிண்ணத்தில் குழைத்தார். பக்கத்தில் சூடாக மூச்சு கேட்டது. மருந்துக்காரரின் சின்ன மகள். ஆறு வயது. போன வருஷம்வரை உள்ளங்கையை நீலத்தில் தோய்த்து அப்பியதோடு சரி. இந்த வருஷம்தான் கையில் தூரிகை கொடுத்திருந்தார்கள். வரைய இடம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இது எங்க அப்பா சேர்தானே மாமா?"

"இல்லடா கண்ணு. மாமா சேர்."

அவள் தலையைத் திருப்பி நிஜ நாற்காலியைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். பொய் சொல்கிற பெரியவர்களைப் பார்க்கிற பார்வை.

"அதுல எங்க அப்பாதானே இருக்காரு?"

"இப்ப இருக்காரு."

"நேத்தும் இருந்தாரே."

அவர் தூரிகையைப் பழுப்பில் தோய்க்கும்போதே டீச்சர் கைதட்டினார். "சரி, எல்லாருக்கும் முடிஞ்சுது. வானம் மாமா, உங்க ஏரியா மட்டும் பாக்கி."

"இந்தத் தடவை நான் போடல," என்றார் வரைவாளர்.

ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் எழுந்து பின் சீட்டுக்கு வந்தது போல எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி அடுக்களை வாசலிலிருந்து கண்ணால் வேண்டாம் என்றாள்.

"ஏண்டா, உடம்புக்கு ஏதாவதா? பையில மாத்திரை இருக்கு," என்றார் மருந்துக்காரர்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. கால் வலிக்குது. நான் இங்கயே கீழ உக்காந்து என்னோடதை வரைஞ்சுக்கறேன்."

"அஞ்சு நிமிஷ வேலைடா அது."

"அஞ்சு நிமிஷம்னா நீ போடு."

மருந்துக்காரர் இதை நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். பல் டாக்டரம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்தார். "குடுங்க, நான் போடறேன். பல்லுக்குள்ள போற கை வானத்துக்குப் போகாதா?"

போயிற்று. இரண்டு இழுப்பு பழுதில்லாமல் போயிற்று. மூன்றாவதில் போன் அடித்தது. ஒரு நோயாளி, கன்னம் வீங்கிவிட்டதாம். "எந்தப் பக்கம்? வாயைத் திறங்க, திறந்துட்டுப் பேசாதீங்க," என்றபடி டாக்டரம்மா தூரிகையைப் பலகைமேலேயே போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார்.

நீலக்கோட்டின் அடியில் தண்ணீர் திரண்டது. முத்துமுத்தாக இருந்தது ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் ஒரு தொந்தி வைத்துத் தொங்கியது. எல்லாரும் பார்த்தார்கள், ஆனால் என்ன நடக்கப்போகிறது என்பது ஒருவருக்குத்தான் தெரியும். இன்னும் அரை நிமிஷம். அது உடையும். கூந்தல் வழியாக, லாரி வழியாக, கடைவாய்ப்பல் மரம் வழியாக வடிந்து, வலது மூலையில் வந்து நிற்கும்.

கையில் பழுப்புத் தூரிகை. தாளில் வைத்தால் நாற்காலி ஆகிவிடும். கால்கள் வேண்டவே வேண்டாம் என்றன. கை அவற்றைக் கேட்டு நடப்பதில்லை. எழுந்தார், பழுப்பைக் கீழே வைத்தார், நீலத்தை எடுத்தார், அந்தத் தொந்தியை நுனியில் வாங்கி வலப்பக்கம் இழுத்தார். தொட்டாயிற்று. தொட்டால் விடமுடியாது. ஒரு முழங்காலால் பலகையைத் தாங்கிக்கொண்டு, நாற்பது முடிக்கும் நடுவே புகுந்து புறப்பட்டு இறங்கினார்.

"பாத்தீங்களா, சும்மா பிகு பண்ணிக்கிட்டான்," என்றது மருந்துக்காரரின் குரல். பதில் சொல்லக்கூடாது. சொன்னால் தையல் விழும்.

இருபது நிமிஷம். பத்தாவது வானம் முடிந்தது. ஒன்பதையும்விட நன்றாகவே வந்திருந்தது. வேறு எப்படி வரும்? இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பியபோது பழுப்புக் கிண்ணம் காலி.

நாற்காலி பூசப்பட்டிருந்தது. கோட்டுக்கு வெளியே அங்கங்கே போயிருந்தாலும் பிளாஸ்திரியைச் சின்னவள் வெள்ளையாகவே விட்டிருந்தாள். இல்லாத சக்கரத்தின் கீழ் அட்டையும் இருந்தது. நாற்காலியில் வட்டமாக ஒரு வயிறு, அதன்மேல் மீசை, கையில் பேப்பர், முதுகுக்குப் பின்னால் துண்டு.

"அய்யய்யோ, இவங்க அப்பா அச்சு அசலா இருக்காரே!" என்று டீச்சர் கூவினார்.

சின்னவள் வரைவாளர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க காலியா விட்டுட்டுப் போயிட்டீங்க மாமா. அதான்."

ஒருவர் வரைந்ததன்மேல் இன்னொருவர் வரையக்கூடாது. அவருக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வருவதற்கு உடம்பில் தெம்பு இல்லை, காரணமும் இல்லை. நேரில் போய்ப் பார்த்திருக்கிறாள். முந்தாநாளிலிருந்து அனுபவத்தில் இருப்பவரை உள்ளது உள்ளபடி குறித்திருக்கிறாள். அவரே ஆய்வுக்குப் போயிருந்தாலும் இதைத்தான் எழுதிக்கொண்டு வந்திருப்பார்.

"எங்க, எங்க, நானா? தள்ளுங்க, நான் பாக்கறேன்!"

மருந்துக்காரர் எழுந்தார். நெம்புகோல் எதுவும் தேவைப்படவில்லை. தன் படத்தைப் பார்க்கும் ஆசையில், மூன்று நாளில் முதல் முறையாகத் துண்டை நாற்காலியில் போடாமல் தோளிலேயே கொண்டுபோய்விட்டார். குனிந்து தன் வயிற்றை ரசித்தார். "மீசை மட்டும் கொஞ்சம் சிறுசு. ஆனா ஜாடை இருக்கு, இருக்கு."

வரைவாளர் நாலு எட்டு நடந்தார். உட்கார்ந்தார்.

ரெக்சின் இன்னும் சூடாக இருந்தது. பஞ்சு வேறொருவருடைய உடம்புக்கு ஏற்ற மாதிரி பள்ளம் விழுந்து கிடந்தது. எப்படி நெளிந்தாலும் பொருந்தவில்லை. பரவாயில்லை. காலை நீட்டினார்.

"டேய், எல்லாரையும் வெச்சு ஒரு போட்டோ எடுத்துடலாம். வா, நீதானே எடுப்ப," என்று மருந்துக்காரர் போனை நீட்டினார்.

"நீயே எடு."

"அப்ப நீ?"

"நான் இங்க இருக்கேன்."

மருந்துக்காரர் போனையும் நண்பரையும் நாற்காலியையும் மாறிமாறிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை அப்போதுதான் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வரைவாளரின் மனைவி அடுக்களை வாசலில் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

சின்னவள் படத்தைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். நேர்மையான ஆள். தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"இப்ப நீங்கல்ல மாமா இருக்கீங்க? அது நான் வரைஞ்சதுதானே, அப்பாவ அழிச்சிடவா?"

வரைவாளர் மூடிய கண்ணைத் திறக்கவில்லை.

"வேண்டாம்டா கண்ணு. ஈரத்துல தேய்ச்சா தாள் கிழிஞ்சுடும். இருந்துட்டுப் போகட்டும்."