கோபுரத்துக்கு நேர் மேலே

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக் கோயிலின் கும்பாபிஷேகத்துக்கு ஹெலிகாப்டர் வந்து பூ தூவியது. அடையாறில் பாதிப் பேர் மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். பூ எங்கே விழுந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவசரப்படாதீர்கள்.

முதலில் பேராசிரியர் ரேணுகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அபார்ட்மென்ட்டில் எனக்கு எதிர் ஃபிளாட். விமானப் பொறியியல் பேராசிரியர், அதிலும் ஹெலிகாப்டர் ஸ்பெஷலிஸ்ட். அதன் இறக்கை சுழலும்போது காற்று என்ன செய்கிறது என்பதையே வாழ்நாள் முழுக்கப் படித்து, படிக்க வைத்து, ரிடையர் ஆனவர்.

அவருடைய முதல் இன்டர்வியூவில் போர்டு கேட்ட முதல் கேள்வி: ‘கல்யாணத்துக்கு அப்புறமும் ஹெலிகாப்டர் ஓட்டுவீங்களாம்மா?’

‘முன்னாடியும் ஓட்டினதில்ல சார். டிசைன் பண்றேன்.’

அந்தப் பதிலுக்காகவே அந்த வருஷம் வேலை கொடுக்கவில்லையாம். அடுத்த வருஷம் வேறு ஆள் கிடைக்காததால் கொடுத்தார்கள். இன்னொரு முறை, அவர் வடிவமைத்த இறக்கையைப் பொருத்திச் சோதனை ஓட்டம். வாசலில் ஓர் அதிகாரி அவரைத் தடுத்து, ‘ஃபேமிலி எல்லாம் அந்த ஷெட்ல உக்காரணும்’ என்று வழிகாட்டியிருக்கிறார். எவ்வளவு மரியாதை! நாற்காலியும் ஜூஸும் கொடுத்தார்களாம்.

எங்கள் அபார்ட்மென்ட் மட்டும் லேசுப்பட்டதா? ஒரு வீட்டில் சீலிங் ஃபேன் ஆடியது. ‘மேடம், உங்க சப்ஜெக்ட்தானே?’ என்று கூப்பிட்டார்கள். அவரும் சலிக்காமல் ஸ்டூலில் ஏறி, ஓர் இறக்கையில் நாணயம் ஒன்றை ஒட்டி ஆட்டத்தை நிறுத்தினார். அன்றிலிருந்து அவர் ‘ஃபேன் மேடம்’. அதன் பிறகு மிக்ஸி, கிரைண்டர், ஒருமுறை சலூன்காரரின் ஹேர் டிரையர்கூட வந்தது.

இப்போது கும்பாபிஷேகம்.

கமிட்டித் தலைவர் சுந்தரேசன், முதலில் மேடத்தைக் கோலப் போட்டிக்கு நடுவராக இருக்கத்தான் அழைத்தார். பிறகு ஈவென்ட் மேனேஜர் பிரவீன் ‘ஹெலிகாப்டர் பூமாரி’ யோசனையோடு வந்தான். உடனே மேடத்துக்குப் பதவி உயர்வு. அழைப்பிதழில் ‘ஹெலிகாப்டர் ஆலோசகர்’ என்று அச்சடித்துவிட்டுத்தான் அவரிடம் ஆலோசனையே கேட்டார்கள். தலைமைச் செயலகத்தில் காலம் தள்ளிய எனக்கு, அனுமதி வாங்கும் வேலை. சீல் எங்கே இருக்கிறதோ அங்கே என்னைத்தான் அனுப்புவார்கள்.

கோயில் மண்டபத்தில் கூட்டம். காபி வந்தது. பிரவீன் லேப்டாப்பைத் திறந்து வீடியோ காட்டினான். ஏதோ ஒரு ஊரில் ஹெலிகாப்டர் தென்னைமர உயரத்துக்கு இறங்கி, கோபுரத்தை உரசுவது போல நின்று, பூவைக் கொட்டுகிறது. ‘ஆஹா’ என்றார் சுந்தரேசன்.

‘இவ்வளவு தாழ்வா வேண்டாம்’ என்றார் மேடம்.

‘வெளியூர்ல எல்லாம் பண்ணிருக்கோம் மேடம். செம ரெஸ்பான்ஸ்.’

‘அங்க சுத்தி வயல் தம்பி. இங்க சுத்தி தகரம்.’

விளக்கினார், பொறுமையாக. ஹெலிகாப்டர் சும்மா மிதப்பதில்லை. காற்றைக் கீழே தள்ளித் தள்ளித்தான் தன் எடையைத் தாங்குகிறது. தாழ்வாக நின்றால் அந்தக் காற்று முழுக்க நம் தலையில் இறங்கும். பந்தல் தாங்காது. கோயிலுக்கு மேற்கே வாய்க்கால் ஓரத்தில் வரிசையாகத் தகரக் கூரை வீடுகள் இருக்கின்றன. அவை சுத்தமாகத் தாங்காது.

சுந்தரேசன் புன்னகைத்தார். வங்கியில் லோன் மறுத்துப் பழகிய புன்னகை. ‘மேடம், நீங்க சயின்ஸ் சொல்றீங்க. இது ஆன்மிகம்.’

‘காத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது சார்.’

‘ஒண்ணும் ஆகாது. அவன் பாத்துப்பான்’ என்று மேலே கையைக் காட்டினார். பைலட்டையா, பகவானையா... தெரியவில்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அதாவது, மேடம் இல்லாத நாளில் நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று அர்த்தம். அதற்குள் ஒருவர், ‘அவங்க ஹஸ்பண்ட்கிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாக்கலாமே’ என்றார். ஹஸ்பண்ட் தமிழ் இலக்கணம் கற்றுக்கொடுத்தவர்!

அன்று மாலை மேடம் வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் வேலை செய்யும் செல்வி துடைப்பத்தோடு வந்து நின்றாள். வாய்க்கால் ஓர வரிசையில் மூன்றாவது வீடு அவளுடையது.

‘இன்னாம்மா, எலிகாப்டர் நம்ம ஊட்டாண்ட தாய்ந்து வருதாமே?’

‘வரணும்கறாங்க.’

‘போன பொயல்ல பறந்த தகரத்தயே வாய்க்கால்ல எறங்கி எங்க ஊட்டுக்காரன் எடுத்தாந்தான். மேல கல்லு வெச்சிக்கீறோம். இது இன்னா பண்ணும்?’

‘கல்லோட பறக்கும் செல்வி.’

‘நல்லா கீதே நாயம்! சாமிக்கு பூ போடறதுக்கு எங்க கூரைய எடுத்துக்குவாங்களாமா? உள்ள கைக்கொயந்த கீதும்மா. எம் பொண்ணு பிரசவத்துக்கு வந்துக்கீறா.’

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தனை வருஷப் படிப்பு, அத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகள்... ஒரு கமிட்டித் தலைவரின் புன்னகையைத் தாண்ட முடியவில்லை.

நான் சொன்னேன்: ‘மேடம், நீங்க சொன்னா அது கருத்து. அதையே சீல் வெச்ச காகிதம் சொன்னா சட்டம். பெர்மிஷன்ல “பாதுகாப்பான உயரம்”னு பொதுவாத்தான் இருக்கு. தெளிவுரை கேப்போம்.’

ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். தெளிவுரை கேட்டால் தாராளமாகப் பதில் எழுதிய அதிகாரியை என் சர்வீஸில் நான் பார்த்ததே இல்லை. ‘குடியிருப்புகளும் தகரக் கூரைகளும் அருகில் இருப்பதால் குறைந்தபட்ச உயரம் எவ்வளவு என்று தெரிவிக்கவும்’ என்று ஒரு கடிதம். கூடவே, மேடத்தின் கணக்கை இணைப்பாக வைத்தேன். பதில் வந்தது. மேடம் எழுதிய அதே உயரம், வரிக்கு வரி அதே காரணம். கூடுதலாக ஒன்றே ஒன்று... கீழே ஒரு வட்ட சீல்.

அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தேன். சுந்தரேசன் எழுந்தே நின்றுவிட்டார். ‘கவர்மென்ட்டே சொல்லிட்டாங்களா! ஏன் மேடம், எக்ஸ்பர்ட் நீங்க, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?’

மேடம் காபியைக் குடித்தார்.

பிறகு, ‘இன்னொரு விஷயம்’ என்று ஆரம்பித்தார். ‘அவ்வளவு மேலேருந்து போட்டா பூ நேரா விழாது. இந்த சீசன்ல காலைலயே காத்து கிழக்கேருந்து, கடல் பக்கமிருந்து அடிக்கும். கோபுரத்துக்கு முன்னாடியே, கடல் பக்கமாத் தள்ளிப் போட்டாத்தான்...’

‘தள்ளியா? நோ நோ! கேமரா கோபுரத்தைப் பாத்து நிக்குது. லைவ் போகுது. கோபுரத்துக்கு நேர் மேலே போடணும். ஒரு இன்ச் நகரக்கூடாது. இதுல சயின்ஸ் வேண்டாம் மேடம்.’

எல்லோரும் தலையாட்டினார்கள். பிரவீனும் ஆட்டினான். வீடியோ பார்த்தே ஹெலிகாப்டர் படித்தவன்.

மேடம் வாதாடவில்லை. ‘சரி சார். அதை அப்படியே தீர்மானமா எழுதி, பைலட்டுக்கும் ஒரு காப்பி கொடுத்துடுங்களேன்’ என்றார். எழுதினேன். ஏகமனதாக நிறைவேறியது.

ஞாயிறு காலை. கலசத்தில் நீர் விழுந்தது. மேளம் உச்சத்துக்குப் போனது. ஹெலிகாப்டர் வந்தது, நல்ல உயரத்தில். பந்தலில் ஒரு தோரணம்கூட அசையவில்லை. தீர்மானத்தில் சொன்னபடி கோபுரத்துக்கு நேர் மேலே நின்று கதவைத் திறந்தார்கள். சாமந்தியும் ரோஜாவும் ஒரு மேகமாக விரிந்தன.

மேகம் நின்றது. யோசித்தது. மேற்கே நகர்ந்தது.

கூப்பிய கைகளோடு சுந்தரேசன் திரும்பினார். கேமராக்காரர் திரும்பினார். பூ எங்கள் தலைகளைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, வி.ஐ.பி. நாற்காலிகளைத் தாண்டி, சாவகாசமாகப் போனது. கோபுரத்தின் மேல் ஓர் இதழ் விழ வேண்டுமே? ஊஹும்.

மொத்தமும் வாய்க்கால் ஓரத் தகரக் கூரைகளின் மேல் இறங்கியது. கூரையில் வைத்த கற்களின் மேல், குழாயடிக் குடங்களுக்குள், சைக்கிள் கூடைக்குள். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு அள்ளி வீசினார்கள். லைவில் நாடெங்கும் தெரிந்தது, செல்வியின் கூரை. ஒரு தகரம்கூட அசையாமல், மஞ்சளாக.

‘பைலட்டுக்குக் குறி தெரியல’ என்று சுந்தரேசன் இன்றுவரை பொருமுகிறார்.

திங்கட்கிழமை நான் மேடம் வீட்டில் இருந்தபோது செல்வி வேலைக்கு வந்தாள். தலை நிறைய ரோஜா.

‘இன்னா செல்வி, உங்க பக்கம்தான் பூமாரியாமே!’ என்றேன், அவள் பாஷையிலேயே.

‘ஆமா சார். ஊட்டுக்குள்ள எல்லாம் பூவு. கொயந்த மேலகூட ரெண்டு வியுந்துச்சு. நல்ல வேள, துணி காயப்போடல. மேடம்தான் சனிக்கெயமயே சொல்ட்டாங்களே, “நாளைக்கு காலீல துணி காயப்போடாதடி, பூவு ஒட்டிக்கும்”னு!’

எதிரே பேராசிரியர் ரேணுகா செய்தித்தாளிலிருந்து நிமிரவே இல்லை.

கமிட்டி மினிட்ஸில் நானும் நடந்ததைத்தான் எழுதினேன்: ‘தீர்மானம் ஓர் அங்குலம் பிசகாமல் நிறைவேற்றப்பட்டது.’