ஒன்றரை இஞ்ச்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. குண்டூசி அக்கா என்று கேட்க வேண்டும். செருப்புக் கடையை ஒட்டிய மரப்படியில் ஏறினால் மாடியில் இரண்டு அறை. முன்னறையில் இரண்டு தையல் மிஷின், துணி வெட்டும் நீள மேசை, இஸ்திரிப் பெட்டி. பின்னறையில் ஆள் உயரக் கண்ணாடி, அதை மறைத்து ஒரு திரை. பெண்களுக்கு மட்டும்தான் தைப்பாள். கடை திறந்தவுடன் ஏழெட்டுக் குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டால், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வாய் காலியாகும். எதைக் கேட்டாலும் 'ம்', 'ம்ஹூம்' என்று இரண்டே பதில். முப்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

திரைக்குப் பின்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற பெண்களுக்கு என்ன ஆகுமோ, வாய் தானாகத் திறந்துகொள்ளும். மாமியார் பேசிய பேச்சு, புருஷன் போகிற இடம், தங்கை விழுங்கிய மாத்திரை, எல்லாம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கொட்டும். அக்கா 'ம்' என்பாள். தோள் பதினாலு என்று நோட்டில் எழுதுவாள். கேட்டது எதுவும் அந்த மரப்படி இறங்கியது கிடையாது.

இதை எல்லாரும் பெரிய குணமாக எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் பாதி குண்டூசி, பாதி பழைய காயம். கல்யாணமான மூன்றாம் வருஷம் அவள் புருஷன் வேலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவன்தான், இன்றுவரை வரவில்லை. இரண்டு வருஷம் அவளை ஊர் மென்றது. இவள்தான் துரத்தினாள் என்றார்கள். வீட்டில் யாரையோ பார்த்துவிட்டுப் போனான் என்றார்கள். அந்த யாரோவுக்கு மீசை உண்டா இல்லையா என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு. ராஜா வீட்டு வம்பு என்றால் யாராவது புத்தகம் போடுவார்கள், நூறு வருஷம் கழித்து இன்னொருவர் மறுத்து ஒரு புத்தகம் போடுவார். தையற்காரி வீட்டு வம்பை மறுக்க யார் வருவார்கள்? அவள் குண்டூசியைக் கவ்விக்கொண்டு தைத்தாள். ஊர் களைத்துப்போய் வேறு ஆளைத் தேடிக்கொண்டது.

ஆகவே வம்பு என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவள் செய்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

பாலர் வகுப்பு டீச்சர் ஒருத்தி அவளிடம் வழக்கமாகத் தைப்பாள். இருபத்தாறு வயது. அப்பா இல்லை. அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிற வேலை. பெண்ணுக்கு ஒருவழியாக ஒரு கப்பல் மெக்கானிக்கை நிச்சயம் செய்திருந்தார்கள். நிச்சயத்துக்கு உடுப்புத் தைத்தது அக்காதான். நிச்சயம் முடிந்த மறு வாரமே மாப்பிள்ளை கப்பலேறிவிட்டான். ஐந்து மாதத்தில் திரும்புவான், வந்த கையோடு கல்யாணம் என்று பேச்சு. மூன்று மாதம் போனபின் கல்யாண உடுப்புக்கு அளவு கொடுக்க டீச்சர் படியேறி வந்தாள்.

அன்று காலையில்தான் அக்கா புது இஞ்ச் டேப் வாங்கியிருந்தாள். பழையதற்குப் பதினைந்து வயது. நுனித் தகரம் கழன்று, முதல் ஐந்து எண்களும் அழிந்துபோயிருந்தன. அதைக் காஜாக்காரி துணிமூட்டை கட்ட எடுத்துக்கொண்டாள். காஜாக்காரி என்றால் முன்னறையில் உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா எடுத்து, கொக்கி தைக்கிறவள். கைவேலை சுத்தம். வாயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இடுப்பை அளந்தாள். இருபத்தொன்பதரை. நோட்டைப் புரட்டினாள். நிச்சயத்தின்போது இருபத்தெட்டு. மறுபடி அளந்தாள், அதே இருபத்தொன்பதரை. மார்பிலும் ஒன்றரைக்கு மேல் கூடியிருந்தது. தோளையும் கையையும் அளக்கவில்லை. வளர்ந்த பெண்ணுக்குத் தோள் மாறாது, ஒருமுறை எடுத்தால் ஆயுசுக்கும் அதுதான் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். அக்கா நிமிர்ந்து கண்ணாடியில் அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு விநாடி பார்த்தாள். டீச்சரும் பார்த்தாள்.

டீச்சர் போனபிறகு டீ வந்தது. குண்டூசிகளை எடுத்துவிட்டு ஒரு வாய் குடித்தாள். வாய் காலியாக இருந்தது, அதுதான் வினை.

"டீச்சர் துணிக்கு ஓரத்துல ரெண்டு இஞ்ச் கூட விட்டு வெட்டணும். ஒன்றரை இஞ்ச் கூடியிருக்கா. இன்னும் கூடும்."

காஜாக்காரி ஊசியை நிறுத்தினாள். "ஏன்க்கா கூடும்?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள்.

துணி விடச் சொன்னது வேலைப் பேச்சு, அதில் தப்பில்லை. அந்தச் சிரிப்புக்குச் சாக்கே கிடையாது. முப்பது வருஷமாக எல்லார் கதையையும் கேட்டு விழுங்கியவளுக்கு, ஒரே ஒரு தடவை, எல்லாருக்கும் முன்னால் தனக்குத் தெரிந்துவிட்டது என்பதில் ஒரு ருசி. பிற்பாடு எத்தனையோ நாள் அவள் தன்னையே நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டபோதும் இந்த இடத்தில்தான் வந்து நின்றாள்.

காஜாக்காரி அன்றைக்கே ரொட்டிக் கடையில் இருக்கிற தன் நாத்தனாரிடம் காதும் காதும் வைத்தாற்போல் சொன்னாள். நாத்தனார் ரொட்டி வாங்க வந்தவர்களிடம் அப்படியே சொன்னாள். நாலு நாளில் ஒன்றரை இஞ்சுக்குக் கை கால் முளைத்து, கண் காது மூக்கு வைத்து, தகப்பன் யார் என்பதுவரை முடிவாகிவிட்டது. பள்ளிக்கூட வேன் டிரைவராம். அந்த மனுஷனுக்கு அறுபது வயது. அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் சந்தேகம் வரவில்லையாம். வேறு யார் சொல்லியிருந்தாலும் பாதிப் பேர் தூ என்று தள்ளியிருப்பார்கள். "குண்டூசி அக்காவே வாயைத் திறந்து சொல்லிட்டாங்களாம்" என்றதும் மறுபேச்சு இல்லை.

ஆறாம் நாள் மாப்பிள்ளையின் அக்கா வந்தாள். கை கட்டி, மேசைக்கு எதிரில் நின்றாள்.

"உங்களை நம்பித்தான் வந்திருக்கேன். தம்பி நடுக்கடல்ல இருக்கான். நீங்க இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போய் எல்லார் வாயையும் அடைச்சிடறேன்."

அக்காவின் உதட்டில் குண்டூசிகள் இருந்தன. எடுத்திருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா, உடம்பு கூடினதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். தன் கண்ணால் பார்த்த எண்ணைப் பொய் என்று எப்படிச் சொல்வது என்று தயங்கினாள். தலையைக் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். வந்தவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"புரியுதுக்கா. உங்க வாயால சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அந்த வாரமே சம்பந்தம் முறிந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சரைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் லீவில் இருங்கள், பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள் என்றார்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ரிட்டயரான நர்ஸம்மா ஒருவர் உடுப்புத் தைக்க வந்தார். எழுபது வயது, ஈர்க்குச்சி உடம்பு. இடையில் அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லாம் நோட்டில் பழைய அளவு இல்லாத புது ஆட்கள், இல்லாவிட்டால் குழந்தைகள். குழந்தைக்கு அளவு கூடினால் யார் யோசிப்பார்கள்? நர்ஸம்மாவுக்குத் தோள் இறங்கிவிட்டது போலிருக்கிறதே என்று அக்கா தோளையும் அளந்தாள். நோட்டில் பதிமூன்று. டேப்பில் பதிமூன்றே முக்கால். இடுப்பிலும் ஒன்றரை கூடியிருந்தது.

"என்னம்மா, நான் வளர்றேனா?" என்று நர்ஸம்மா சிரித்தார்.

அக்கா முன்னறைக்கு வந்து மூட்டையில் கட்டியிருந்த பழைய டேப்பை அவிழ்த்தாள். மேசைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தாள். புதியதில் இருபத்தொன்பதரை இருந்த இடத்தில் பழையதில் இருபத்தெட்டு இருந்தது. பதினைந்து வருஷம் இழுத்து இழுத்துப் பழைய டேப் நீண்டுபோயிருந்தது. உடம்பை அளந்ததும் அது, துணியை அளந்து வெட்டியதும் அதுவே. அதனால் ஒரு உடுப்பும் தப்பாகவில்லை, யாருக்கும் தெரியவுமில்லை. டீச்சர் ஒரு நூல்கூடக் கூடவில்லை. அன்று தோளையும் ஒரு தடவை அளந்திருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும்.

அக்கா அழுதாள். காஜாக்காரி முன்னாலேயே அழுதாள். பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு, இரண்டு டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முப்பது வருஷம் பேசாதவள் அந்த மூன்று நாளில் பேசிய பேச்சு கொஞ்சமில்லை. ரொட்டிக் கடையில் மேசைமேல் டேப்பை விரித்துக் காட்டினாள். பள்ளிக்கூட ஆபீசில் தலைமை ஆசிரியையிடம் காட்டினாள். அந்த அம்மாள் டேப்பைப் பார்க்கவே இல்லை, இவள் முகத்தைத்தான் பரிதாபமாகப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று மன்றாடினாள்.

"உங்க மனசு யாருக்கு வரும்!" என்றாள் மாப்பிள்ளையின் அக்கா. "ஒரு பொண்ணைக் காப்பாத்த டேப்பு மேலயே பழியைப் போடறீங்களே."

"சத்தியமாச் சொல்றேன். அவளுக்கு அதே இருபத்தெட்டுதான். ஒண்ணும் கூடலை."

"இப்ப கூடலைதான். இருந்ததைக் கலைச்சிருப்பாங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

மறுநாளே ரொட்டிக் கடையில் அந்தப் பேச்சு இருந்தது. எந்த டாக்டர், எந்தக் கிழமை என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார்கள். முதலில் வயிற்றில் பிள்ளை என்றார்கள். அக்கா இல்லை என்று சொல்லப் போய், இப்போது பிள்ளையைக் கொன்றவள் என்றார்கள்.

நாலாம் நாள் சாயங்காலம் அவள் டீச்சர் வீட்டுக்குப் போனாள். முதலில் போயிருக்க வேண்டிய இடம். பயத்தில் கடைசியாக வைத்திருந்தாள். ஒற்றை அறை வீடு. சுவரோரம் அட்டைப் பெட்டிகளில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா இவளைப் பார்த்ததும் எழுந்து பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டாள். அக்கா தரையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள். டேப்பை எடுக்கப் பைக்குள் கைவிட்டாள்.

"வேண்டாம்க்கா, எடுக்காதீங்க. என் உடம்பு எனக்குத் தெரியாதா?" என்றாள் டீச்சர்.

"நான் வாயைத் தொறந்திருக்கக் கூடாதும்மா. பாவி நான்."

"அன்னிக்குக் கண்ணாடியில உங்க முகத்தைப் பார்த்தேன். ஏதோ நினைக்கிறீங்கன்னு தெரிஞ்சுது. என்ன டீச்சர், உடம்பு போட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம். நான் சிரிச்சிருப்பேன்." அவள் ஒரு தட்டைத் துணியில் சுற்றினாள். "என்கிட்ட மட்டும்தான் நீங்க கேக்கலை."

அக்கா பைக்குள்ளிருந்து கையை எடுத்தாள்.

"நான் இன்னும் போய்ச் சொல்றேன். ஒவ்வொரு வீடா ஏறி எறங்கறேன். யாராவது ஒருத்தர் நம்பாமலா போவாங்க?"

"அக்கா, உங்க கால்ல விழறேன், சொல்லாதீங்க. நீங்க ஒரு வீடு ஏறினா எனக்குப் பழி ஒண்ணு கூடுது. இன்னிக்கு அம்மாகிட்ட ஆஸ்பத்திரியிலேயே கேட்டிருக்காங்க, எந்த டாக்டர்னு. இதோட விட்டுடுங்க."

மறு வாரம் தாயும் மகளும் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். எந்த ஊருக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள்? மாப்பிள்ளை கப்பலிலிருந்து வந்தான், வருஷம் திரும்புவதற்குள் வேறு பெண்ணைக் கட்டினான். காஜாக்காரி இன்னும் முன்னறையில்தான் காஜா எடுக்கிறாள். அவளை நிறுத்த அக்காவுக்கு எந்த முகம் இருக்கிறது? டீச்சரின் துணியை வெட்டாமல் மடித்து, அம்மாவின் சலவைக்கூடத்து விலாசத்துக்கு அனுப்பினாள். ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.

கடைக்குக் கூட்டம் குறையும் என்று எதிர்பார்த்தாள். குறைந்தால் தேவலை என்றுகூட இருந்தது. கூடிக்கொண்டே போனது. தப்புச் செய்த பெண்ணைக்கூடக் காட்டிக் கொடுக்க மனசில்லாமல், வீடு வீடாகப் போய்த் தன் டேப்பையே குற்றம் சொன்ன உத்தமி என்று பேர் பரவியிருந்தது.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் கல்யாண உடுப்புக்கு அளவு கொடுக்க வந்தாள். பக்கத்து ஊர். அம்மாவே இங்கேதான் போகவேண்டும் என்று அனுப்பினாளாம். திரைக்குப் பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்று, அந்த டீச்சர் கதையை ஆதியோடந்தமாக அக்காவிடமே சொன்னாள்.

"அந்த மாதிரிப் பொண்ணுக்குக்கூட நீங்க பரிஞ்சு பேசினீங்களாமே. உங்களை மாதிரி நல்லவங்க இல்லைன்னு அம்மா சொன்னாங்க."

அக்கா அளப்பதை நிறுத்திவிட்டு, வாயிலிருந்ததை எல்லாம் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள்.

"நான் நல்லவ இல்லைம்மா. அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணலை. பொய்யைச் சொல்லி அவ வாழ்க்கையைக் கெடுத்தது நான்தான்."

அந்தப் பெண் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னும் அம்மா சொன்னாங்க."