பிலோமினாவின் முழம்

வெள்ளிக்கிழமை. காலை எட்டரைக்குக் கோலாலம்பூரில் ஏறிய ரயில் பகல் பன்னிரண்டே முக்காலுக்கு என்னைச் சுங்கை பட்டாணியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து நான் போக வேண்டிய செமிலிங் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். கைப்பேசியில் அழைத்த காருக்கு இருபத்திரண்டு ரிங்கிட்.

காரோட்டி ரோஸ்லி என்ற மலாய்க்காரர், பேச்சுப் பிரியர். யார் வீட்டுக்கு என்று கேட்டார். பிலோமினா, என்னோடு ஒரே தோட்டத்தில் பிறந்து ஒரே வகுப்பில் படித்தவள், திரைச்சீலை தைப்பவள் என்றேன். இரண்டு வருடங்களுக்கு முன் கண் அழுத்த நோயில் பார்வை முழுவதும் போய்விட்டது, இப்போது மறுபடி தைக்கிறாளாம், கையால் அளக்கிறாளாம் என்றும் சொன்னேன். என் குரலில் இருந்த சந்தேகம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். யான் என்ற ஊரில் உள்ள தன் பூர்வீக வீட்டில் தூணுக்கும் தூணுக்கும் இடையே உள்ள தூரம் தன் தாயார் இரு கையையும் விரித்து நின்ற நீளம்தான் என்றார். மலாயில் அது ‘டெப்பா’, நம் பழைய அளவில் ‘பாகம்’. தச்சர் அவரை நிற்க வைத்து மூங்கிலில் குறித்துக்கொண்டாராம். வீடு இன்னும் நேராக நிற்கிறது என்றபோது அவர் குரலில் பெருமை இருந்தது.

எனக்கு அது எளிதில் பிடிபடவில்லை. நான் கிள்ளானில் இயந்திர உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பவள். தலைமுடி கனம் வித்தியாசம் வந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்புவது என் வேலை.

பிலோ வாசலிலேயே நின்றாள். முதல் ஆறு மாதம் கட்டிலை விட்டே எழவில்லை என்று சாப்பிடும்போது சொன்னாள். ஒரு நாள் தலையணை உறை கிழிந்திருப்பது கைக்குத் தட்டுப்பட்டது. புதிது தைக்கலாம் என்று பழையதை விரித்துத் தடவியபோது, நீளம் மூன்று சாண், ஒரு கட்டைவிரல் என்று கை தானாக எண்ணியது. அதே கையால் துணியை மடித்து, மடிப்பில் ஊசி குத்தி, ஊசி வரிசையைத் தொட்டுக்கொண்டே வெட்டினாள். உறை சரியாகப் பொருந்தியது. அன்று மாலையே கணவர் சவரியிடம் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் போடச் சொல்லியிருக்கிறாள்.

மாலை நாலு மணிக்கு என் பையிலிருந்த இரும்பு அளவு நாடாவை எடுத்து அவளை அளந்தேன். துணிக்கடையில் மீட்டரில் கேட்க அவளுக்கு அது தேவைப்பட்டது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம்: நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். சாண் பத்தொன்பது. நாலு விரல் சேர்த்தால் ஏழு. கை விரித்தால் நூற்றைம்பத்தொன்று. அவள் எல்லாவற்றையும் ஒரே முறை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள்.

சனிக்கிழமை. கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. காலை ஏழரைக்குச் சவரியின் வேனில் பண்டார் பாருவுக்குப் புறப்பட்டோம். எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. வழியில் சாப்பிட்ட ரொட்டி சானாய், நம் பரோட்டா மாதிரி, ஒன்று ஒரு ரிங்கிட் எண்பது காசு. பண்டார் பாரு கெடாவின் தெற்குக் கடைசி. ஆற்றைத் தாண்டினால் பேராக் மாநிலம்.

ஆற்றோரம் ஒரு பழைய கடைவீட்டில் பாலர் பள்ளி நடத்தும் இளம் ஆசிரியை எங்களை வரவேற்றார். கூடத்தில் நான்கு பெரிய ஜன்னல்கள். மேலே கம்பியிலிருந்து தரை வரை திரை தொங்க வேண்டும், தரையில் புரளக் கூடாது. கண் போன பிறகு பிலோவுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இது. அவள் கைத்தடியைப் பார்த்ததும் ஆசிரியையின் முகம் மாறியது. தொலைபேசியில் பேசியபோது தெரியவில்லை போலும். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: “ஆன்ட்டி, நீங்களே அளந்துருங்க. அதான் சேஃப் லா.”

நான் மறுத்திருக்க வேண்டும். உதவி என்று எண்ணி நாடாவை எடுத்தேன். நான்கு ஜன்னலையும் அளந்து எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உயரம் நான்கிலும் இருநூற்றுப் பத்து. நாடா சுருண்டு உள்ளே போகும் சத்தம் பிலோவுக்குக் கேட்டது.

“முடிச்சிட்டியா கௌரி? சரி, இப்ப நான் அளக்கிறேன். நாற்காலிய மட்டும் புடிச்சுக்க” என்றாள்.

நாற்காலியில் ஏறி, சாவிக்கொத்து கட்டிய நூலைக் கம்பியின் இடது முனையிலிருந்து இறக்கினாள். சாவி தரையைத் தொட்டதும் நூலைக் கிள்ளிப் பிடித்தபடி இறங்கி, முழம் போட்டாள். பிறகு வலது முனைக்குப் போனாள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரண்டு முறை ஏறி இறங்கினாள். மூன்றில் ஒரே அளவு, ஐந்து முழம். ஆற்றுப் பக்கத்துக் கடைசி ஜன்னலின் வலது முனையில் அவள் கை நின்றது. மறுபடி ஏறினாள். மறுபடி முழம் போட்டாள்.

“இங்க மூணு விரல் கூட வருது. தரை எறங்கிருக்கு” என்றாள்.

நான் நாடாவை அந்த மூலையில் வைத்தேன். இருநூற்றுப் பதினைந்து. எல்லா ஜன்னலையும் இடது பக்கம் மட்டுமே அளந்திருந்தேன். இருபத்தாறு வருட அனுபவசாலி, தரை மட்டமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஆசிரியை தரையில் ஒரு பந்தை வைத்துப் பார்த்தார். அது ஆற்றுப் பக்கச் சுவரை நோக்கி மெல்ல உருண்டது. நான் என் கணக்கைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு பிலோ சொல்லச் சொல்ல எழுதினேன்: முழம், சாண், விரல். என் முகம் சுட்டது. ஆனாலும் அவளைப் பார்க்கையில் நெஞ்சு நிமிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்காகப் புக்கிட் செலம்பாவ் கோயிலுக்குப் போனோம். பிலோ மாதா கோயிலுக்குப் போகிறவள், வேனில் இருந்துகொண்டாள். வேன் பக்கத்திலேயே பூக்கடை, மல்லிகை முழம் மூன்று ரிங்கிட். மூன்று முழம் வாங்கி அவளிடம் கொடுத்தேன். அவள் தன் கையில் வைத்து அளந்துவிட்டுச் சிரித்தாள். அவள் கணக்கில் அது இரண்டரைதான். பூக்கார அக்காவும் சிரித்துக்கொண்டே, எனக்குக் கை குட்டைம்மா, மனசு நீளம் என்று ஒரு சாண் சேர்த்துக் கொடுத்தார்.

ஆளுக்கு ஆள் மாறுகிற அளவை நம்பி எப்படித் துணியை வெட்டுகிறாய் என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

“அவங்க முழம் வேற, என் முழம் வேற. ஆனா ஜன்னல அளக்கிறதும் இந்தக் கைதான், துணி வெட்டுறதும் இந்தக் கைதான். நடுவுல வேற யார் கையும் வரலியே, எப்படித் தப்பும்?”

திங்கள் முதல் புதன் வரை அவள் தைத்தாள். நான் சமைத்தேன், நூல் நிறத்தை மட்டும் சொன்னேன். ஒரு முறைகூட நாடாவை வைத்துப் பார்க்கவில்லை. பார்க்கக் கை பரபரத்தது உண்மை.

வியாழக்கிழமை மாலை மூன்று மணி. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு திரைகளை மாட்டினோம். ஆசிரியை தரையில் குந்தி, திரையின் ஓரத்தை முதல் ஜன்னலிலிருந்து கடைசி வரை பார்த்துக்கொண்டே வந்தார். தரைக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி, இறங்கிப்போன மூலையிலும் அதே ஒரு விரல். எழுந்து நேராகப் பிலோவின் எதிரில் போய் நின்று, “மாடியில ஆறு ஜன்னல் இருக்கு ஆன்ட்டி. நீங்கதான் வந்து அளக்கணும்” என்றார். அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்றாள் பிலோ, பெரிய விஷயமே இல்லாததுபோல. வாசல்படி இறங்கும்போது மட்டும், ஆறு ஜன்னலா சொன்னாங்க என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள்.

பாலம் தாண்டினால் பாரிட் புந்தார் ரயில் நிலையம். என் வண்டிக்கு இன்னும் இருபது நிமிடம். கிள்ளானில் எங்கள் கருவிகளை வருடத்துக்கு ஒரு முறை சோதனைக்கு அனுப்பி, முத்திரை ஒட்டித் திரும்ப வாங்குவோம். முத்திரை இருந்தால் நம்பிவிடுவோம். கருவியை வைக்கும் தரையை யாரும் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்ப்பதில்லை. வேலைக்குத் திரும்பியதும் என் பிரிவில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிலோ நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்து மாடி ஜன்னலுக்கு என்ன துணி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத சவரி என் பெட்டியை நடைமேடையில் இறக்கி வைத்துவிட்டு, அவளுக்குக் கேட்காத தூரத்தில் நின்று சொன்னார்:

“தேத்தண்ணிக் கடையில ஒருத்தர் கேட்டாரு, அண்ணே என்ன வேலை செய்றீங்கன்னு. வேலை என் வீட்டுக்காரி செய்றாங்க, நான் அவங்களுக்கு டிரைவர்னு சொன்னேன்.”

சொல்லிவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ரயில் வந்து நிற்கும்வரை அவர் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போகவில்லை.