ஐந்தாவது பூ

அக்கா மகளின் ஹேர்பேண்டில் தைக்க வெள்ளை நூலில் ஐந்து பூக்கள் பின்ன வேண்டியிருந்தது. அன்று மாலை பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டான்ஸ். நான்கை வீட்டில் முடித்துவிட்டேன். ஐந்தாவதை, அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் குரோஷா ஊசியால் பின்னிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணின் மடியில் ஒரு கைக்குழந்தை, அசையும் நூலையே பார்த்துக்கொண்டிருந்தது.

குறுக்கே ஆடு ஓடியதும் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். குழந்தை என் கைமேல் சாய்ந்து வீறிட்டது. அதன் கண்ணோரம் ரத்தம். முனையில் கொக்கி உள்ள ஊசி. கண்ணில் இறங்கிவிட்டதோ?

"கண்ணப் பாருங்க, ஐயோ, கண்ணப் பாருங்க!" என்று கத்தினேன்.

அவள் முந்தானையால் துடைத்தாள். குழந்தை இரண்டு கண்களையும் விழித்துத் தாயைப் பார்த்தது. காயமே இல்லை.

"புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க. மொதல்ல உங்க கையப் பாருங்க" என்றாள்.

ஊசி என் உள்ளங்கையில் ஏறி நின்றது. அதன்பிறகுதான் வலித்தது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதை எடுத்துக் கட்டுப் போட்டார். அக்கா மகள் நான்கு பூக்களோடு ஆடினாள். நானோ கூட்டத்தில் இருந்த குழந்தைகளின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.