நான் சொல்லாத ஊதா

நான் சொன்ன பொய்களுக்குள் அதிக நாள் தாக்குப்பிடித்தது இரசாயனவியல் வகுப்பில் சொன்னதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியிலுள்ள உடையார்கட்டுக்கு வந்து, அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் சேர்ந்த முதல் கிழமை அது. அமிலத்தை மூலத்தால் நியமிப்பது, அதாவது எவ்வளவு காரம் விட்டால் அமிலம் முடியும் என்று அளப்பது, எப்படி என்று ஆசிரியர் கரும்பலகையில் படம் கீறிக்கொண்டிருந்தார். மேலே அளவி என்ற நீளக் கண்ணாடிக் குழாய், கீழே ஒரு குடுவை. குழாயிலிருந்து மூலம் துளித்துளியாக விழும். குடுவையில் இருக்கிற அமிலம் முடிகிற கணத்தில், அதற்குள் விட்ட காட்டியின் நிறம் மாறும். படத்தோடு சரி. கண்ணாடிச் சாமான் ஒன்றும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை.

பக்கத்தில் இருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கள் பெரிய பள்ளிக்கூடத்தில படிச்சனீங்கள்தானே. இது செய்து பாத்தனீங்களோ?"

"ஓம்," என்றேன். "எத்தினையோ தரம்."

பெரிய பள்ளிக்கூடம் என்பது உண்மை. ஆய்வுகூடம் இருந்ததும் உண்மை. அளவிகள் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. யுத்தத்தால் அமிலம் கொண்டுவரத் தடை என்றபடியால் அந்தப் பூட்டைத் திறக்க ஒருவருக்கும் அலுவல் இருக்கவில்லை. எங்கள் முறை வருமுன்னம் ஊரே வெளிக்கிட்டுவிட்டது. தறப்பாள் போட்ட கொட்டிலில் இருந்துகொண்டு, யாரோ தந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தவளுக்குப் பெருமையடிக்க வேறு என்ன மிச்சம் இருந்தது? அந்த "ஓம்" சொன்னபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்தான். அதற்குள் நாங்கள் "நீங்கள்" விட்டு "நீ"க்கு வந்துவிட்டோம். அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டித் தோட்டம் செய்த ஆட்கள். அவள் வன்னியிலேயே பிறந்தவள். ஒன்றைக் கேள்விப்பட்டால் கேள்விப்பட்டதோடு விடுகிற பிறவி அல்ல.

"நாங்களும் நியமிச்சுப் பாப்பம்," என்றாள் ஒருநாள். "நீதான் செய்தனியே. சொல்லித் தாவன்."



அளவிக்கு என்ன செய்வாய் என்று கேட்டு அவளை மடக்கப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்த அவளுடைய அக்காவிடமிருந்து ஒரு வெற்றுச் சேலைன் போத்தலும் அதன் குழாயும் அடுத்த நாளே வந்துவிட்டன. குழாயில் துளியைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சக்கரமும் இருந்தது. கூப்பன் கடையில்கூட அந்தக் காலத்தில் ஒரு சாமானும் இவ்வளவு கெதியாகக் கிடைத்ததில்லை. அமிலத்துக்குத் தேசிக்காய், காட்டிக்குச் செவ்வரத்தம்பூவை அவித்த சாறு. மூலத்துக்கு அவளுடைய தாயின் வெற்றிலைத் தட்டத்தில் இருந்த சிப்பிச் சுண்ணாம்பு.

"ஏ புள்ளைகளா, வெத்தலைக்கு வச்ச சுண்ணாம்ப எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்று தாய் குசினிக்குள்ளிருந்து சத்தம் போட்டார்.

"சோதினைக்கு அம்மா!"

"சோதினையில வெத்தல போடச் சொல்றாங்களா?"

சுண்ணாம்பை ஒரு போத்தல் தண்ணீரில் கரைத்து அடைய விட்டு, மேலே தெளிந்ததை வடித்தோம். அடியில் மண்டி கிடந்தது. திரும்பத் தண்ணீர் விட்டுக் கலக்கினால் அடுத்த நாள் தெளிவில் அதே காரம். அவள் அதை நுனி நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுழித்தாள்.

"அடியில மண்டி கிடக்குமட்டும் மேல இருக்கிற தண்ணி கொள்ளக்கூடியதைத்தான் கொள்ளும். கூடவும் கொள்ளாது, குறையவும் விடாது," என்றாள். "ரீச்சர் சொன்ன சமநிலை இதுதானடி!"

இதையெல்லாம் எப்பவோ கண்டு களைத்தவள்போல நான் தலையை ஆட்டினேன். அந்தச் சொல்லைப் பற்றி மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தும் எனக்கு அது அன்றைக்குத்தான் விளங்கியது.

முதல் தரம் ஒரு முழுத் தேசிக்காயையும் ஜாம் போத்தலுக்குள் பிழிந்துவிட்டோம். பூச்சாறு விட்டவுடன் அழகான றோஸ் நிறம். சேலைன் போத்தலை மாமரக் கிளையில் கட்டி, துளியைத் திறந்துவிட்டுக் காவல் இருந்தோம். சுண்ணாம்புத் தண்ணீர் அவ்வளவும் முடிந்தது. றோஸ் அசையவில்லை.

"யாழ்ப்பாணத்திலயும் முதல் தரம் இப்பிடித்தான் வந்தது," என்றேன் கூசாமல்.

அவள் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தாள். தேசிக்காய்ப்புளி கடுமை, சுண்ணாம்புத் தண்ணீர் மெல்லிசு, ஆகவே பத்துத் துளிப் புளி போதும், மிச்சத்துக்குத் தண்ணீர் விடவேண்டும்.

"அங்க என்ன தண்ணி விட்டனீங்கள்?"

காய்ச்சி வடித்த நீர் என்று என் கொப்பியில் என் கையெழுத்திலேயே இருந்தது. அதைத் திறந்து பார்க்கக் கௌரவம் விடவில்லை. "கிணத்துத் தண்ணிதான்," என்றேன்.

கிணற்றுத் தண்ணீரில் பத்துத் துளிப் புளியை விட்டு, பூச்சாற்றையும் விட்டோம். றோஸ் வரவேயில்லை. சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு துளிகூட விழாமல், போத்தலுக்குள் பச்சையும் நீலமுமாக ஒரு மங்கல் நிறம் வந்து நின்றது. நான் பூவைப் பிழை சொன்னேன். அவள் எழும்பிப்போய்க் குசினியில் தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தலைக் கொண்டுவந்து உள்ளுக்குள் விரலால் சுரண்டினாள். வெள்ளை வெள்ளையாகக் கல் உதிர்ந்தது.

"எங்கட தண்ணிக்குள்ளயே சுண்ணாம்பு கிடக்கு. நாங்கள் துவங்க முதலே கிணறு நியமிச்சு முடிச்சிட்டுது!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் காது சுட்டது. ஒரு கேள்வி இன்னும் கேட்டாளென்றால் நான் அகப்பட்டுப்போவேன். அவள் கேட்கவில்லை.

மழைத்தண்ணீர்தான் வழி என்று முடிவாயிற்று. மாரி தொடங்குமட்டும் பொறுத்திருந்தோம். முற்றத்தில் கட்டிய தறப்பாளை முதல் மழை கழுவ விட்டுவிட்டு, மூன்றாம் மழையில் அதிலிருந்து ஒரு வாளி பிடித்தோம். அந்தத் தண்ணீரிலேயே சுண்ணாம்பையும் புதிதாகக் கரைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மழை விட்ட முற்றத்தில், ஜாம் போத்தலின் கீழே வெள்ளைக் கடதாசி வைத்துவிட்டு அவள் சக்கரத்தைத் திருகினாள். பத்துத் துளிப் புளியும் பூச்சாறும் விட்டு இந்த முறை றோஸாகவே நின்ற போத்தலை நான் பிடித்து ஆட்டினேன்.

துளி விழுந்த இடத்தில் பச்சையாக ஒரு புள்ளி வரும். ஆட்டினால் மறைந்துபோகும். திரும்ப வரும், திரும்ப மறையும். மறைய எடுக்கிற நேரம் வரவரக் கூடியது. "ஒரே துளி, டக்கெண்டு மாறும்" என்று நான் அவளுக்கு எத்தனை தரம் கை சொடுக்கிக் காட்டியிருப்பேன்! அப்படி ஒன்றும் நடக்கவில்லை. றோஸ் மெல்ல மெல்ல வெளிறி, நான் எந்தக் கொப்பியிலும் எழுதாத, ஒருவருக்கும் சொல்லாத ஒரு ஊதாவாக மாறியது. கத்தரிப்பூ நிறம். அடுத்த இரண்டு துளியில் அந்த ஊதாவும் போய், போத்தல் முழுக்கப் பச்சை.

"ஐயோ, ஊதாவா வந்து பச்சையாப் போச்சுதடி! கண்டனியே? நான் நினைக்கவே இல்லையடி!"

கத்தியது நான். முற்றத்தில் நின்று குதித்ததும் நான். அவள் சக்கரத்தை இறுக்கிப் பூட்டிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே பாவித்த காட்டி வேறு, அதனால் நிறமும் வேறு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவ்வளவு சந்தோஷத்துக்குப் பிறகு இன்னொரு பொய்க்கு என்னிடம் தெம்பு இல்லை.

"நான் இதை முந்திக் கண்டதில்லை," என்றேன். "அலுமாரிக்குள்ள அளவியைத்தான் கண்டனான்."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"எத்தினையோ தரம் செய்தவள் ஏன் ரெண்டு மாசமா எங்கட முத்தத்தில நுளம்புக்கடி வாங்கிக்கொண்டு மழையைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? எனக்கென்ன விசரே?"

"பின்னை ஏன் கேக்கேல்லை?"

அவள் சேலைன் குழாயைச் சுருட்டி மெதுவாகக் கிளையில் தொங்கவிட்டாள்.

"கேட்டா நீ பிறகு எங்கட வீட்டுக்கு வரமாட்டாய்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் உண்மையிலேயே வந்திருக்கமாட்டேன். அவள் அதற்குள் அடுத்த தேசிக்காயை வெட்டத் தொடங்கிவிட்டாள்.