முனிக்கு ஊற்றிய சாராயம்

என் வீட்டுக்காரரைக் குடிகாரன் என்று யாரும் சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். லிந்துலைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், சம்பள நாளில் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடப்பவனுக்குத்தான் அந்தப் பெயர். இவர் விழமாட்டார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். ஆனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு வாய் சாராயம் உள்ளே போனால்தான் கத்தி கையில் நிற்கும். அதைத் தினமும் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த எனக்கும் புத்தி எங்கே போயிருந்ததோ.

ஒருநாள் கத்தி நழுவி முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டது. பயந்துபோய், "இனி தொடமாட்டேன்" என்று அவராகவே சொன்னார். மாமியார் முனியாண்டி கோயிலுக்கு அழைத்துப் போனார். பூசாரி அவர் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டி, "நாப்பத்தெட்டு நாளு. மீறினா முனி சும்மா விடாது" என்றார்.

மூன்றாம் நாள் நடுக்கம் கண்டது. உடம்பெல்லாம் வேர்வை. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று பட்டப்பகலில் கையால் தட்டினார். என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். லயத்தில் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். கயிறு கட்டிய அதே பூசாரி வந்து பார்த்துவிட்டு, "முனி எறங்கியிருக்கு, அதுக்குத் தாகம். குடுக்கலன்னா ஆளக் கொண்டு போயிரும்" என்றார். சாராய டம்ளரை என் கையில் கொடுத்தார்கள். நான்தான் வாயில் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நானும்தான்.

அதற்குப் பிறகு முனிக்குத் தினமும் தாகம். குடிக்காதீர்கள் என்று நான் வாய் திறந்தால் சாமி குத்தம். மாமியாரே தவறணைச் சாராயக் கடையிலிருந்து போத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார். என்ன சாமியோ அது, என் பிள்ளைகளின் பசி அதன் கண்ணில் படவே இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அவருக்கு ஒரு சொட்டுச் சாராயமும் இறங்கவில்லை. இரண்டு நாளில் மறுபடி நடுக்கம், கூடவே வலிப்பு. மாமியார் பூசாரியிடம் ஓடினார். நான் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவிடம் ஓடினேன். அவர் பார்த்ததுமே லொறியில் ஏற்றச் சொன்னார்.

"முனி கோவிச்சுக்கும்டி" என்று திரும்பி ஓடிவந்த மாமியார் லொறியை மறித்தார்.

"கோவிச்சுக்கிட்டா என்னையக் கொண்டு போகட்டும். தள்ளுங்க" என்றேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐயா பொறுமையாகச் சொன்னார். "இது முனி இல்லம்மா, நோய். தினமும் குடிச்ச உடம்புக்குத் திடீர்னு கெடைக்காமப் போனா இப்படித்தான் நடுங்கும். உசுரே போயிரும். இங்கயே வச்சு மருந்து குடுத்துத்தான் நிப்பாட்டணும். முன்ன நடுங்குனப்ப என்ன செஞ்சீங்க?"



மூன்று வாரத்தில் எலும்பும் தோலுமாக வீடு திரும்பினார். வாரா வாரம் டிஸ்பென்சர் ஐயா அவரைக் கூப்பிட்டு, இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார்ப்பார். "நல்லாருக்கு. அடுத்த வாரமும் வா" என்பார். வேறு பெரிய பேச்சு கிடையாது. அதற்காகவே இவர் வாரம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கவ்வாத்து தொடங்கும் நாளில் மலையில் முனிக்குப் படைப்பது வழக்கம். கோழி, சுருட்டு, சாராயம். படைத்ததில் வெட்டுக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு வாய். பூசாரி முதல் டம்ளரை இவரிடம்தான் நீட்டினார். இவர் கை தானாகப் போனது. நான் பாய்ந்து டம்ளரைப் பிடுங்கி மண்ணில் கொட்டினேன்.

"அன்னைக்கு நீதானம்மா ஊத்துன?" என்றார் பூசாரி.

"ஆமா, நான்தான் ஊத்துனேன். நீங்க சொன்னீங்கன்னு புருசனக் கொல்லப் பாத்தவ நான். இன்னொருக்கா நீட்டுனீங்க, உங்க தலையில ஊத்துவேன்."

"முனி கேட்டா நான் என்ன சொல்றது?"

இவர் இரண்டு கையையும் பூசாரிக்கு முன்னால் நீட்டினார். ஒரு விரல்கூட ஆடவில்லை.

"இதக் காட்டுனேன்னு சொல்லுங்க" என்றார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு முதல் செடிக்குப் போனார்.