ஒரு கேள்விக்கு ஆறு பெட்பேன்

நான் நர்ஸ் வேலை பழகிய ஆஸ்பத்திரியில் ஒரு விதி இருந்தது. புதிதாகச் சேரும் பெண்ணுக்கு மூன்றாம் வருஷத்துக்காரி ஒருத்தி துணையாக இருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் தலைமை நர்ஸான வெள்ளைக்கார மேட்ரன் அதைத் தன் கையால் எழுதி, நாங்கள் சாப்பிடும் அறையின் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அந்தக் காகிதத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் புதுப்பெண்களைக் கேலி செய்தபடி சோறு தின்றோம். அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கிள்ளான் பக்கத்து ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். முப்பதுகளின் தொடக்கம். படுத்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கடல் கடந்து பிழைக்க வந்து, ரப்பர்த் தோட்டங்களில் மலேரியா கண்ட நம் தமிழ் ஆட்கள். நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ரயில் பட்டறையில் ஃபிட்டர். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்திருந்ததால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்.

சுவரில் இருந்த விதி வேறு, எங்களுக்குள் இருந்த விதி வேறு. புதுப்பெண் யாரிடமாவது சந்தேகம் கேட்டால், பதில் சொல்கிறவள் பொறுப்பில் இருக்கும் பெட்பேன்களை, அதாவது நோயாளிகள் படுக்கையிலேயே மலஜலம் கழிக்கும் தட்டுகளை, புதுப்பெண்தான் கழுவ வேண்டும். ஒரு கேள்விக்கு ஆறு பெட்பேன். சோடா உப்புப் போட்ட கொதிநீரில் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். இதை யார் ஆரம்பித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. எங்களை மேய்த்த ஸ்டாஃப் நர்ஸ், தன் காலத்தில் எட்டு கழுவியதாகப் பெருமை பேசுவாள். நானும் முதல் வருஷம் அழுதுகொண்டே கழுவினேன். மூன்றாம் வருஷம் வந்ததும், அப்பாடா, இனி நமக்குக் கழுவ ஆள் வரும் என்று காத்திருந்தேன். மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் தீர்த்துக்கொள்கிற புத்தி, வேறென்ன சொல்ல?

அவள் வந்தாள். பந்திங் பக்கத்துத் தோட்டம். தாய், தகப்பன் இருவருக்கும் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலை. பாதிரியார் ஒருவர் முயற்சி எடுத்து மிஷன் பள்ளியில் படிக்க வைத்து, எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டிருந்தார். பத்தொன்பது வயது இருக்கும். மேட்ரன் அவளை என் பொறுப்பில் விட்டார். முதல் நாளே அவள் என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

"அக்கா, எப்படியாச்சும் நான் இங்க நெலைச்சிரணும். திரும்பிப் போனா பால்வெட்டுக் கத்திதான். அடுத்த மாசமே எவனுக்காச்சும் கட்டிக் குடுத்துருவாங்க."

"பாத்துக்கலாம்" என்றேன். நான் பார்த்துக்கொண்ட அழகு பின்னால் வருகிறது.

அன்றைக்கு மூன்று கேள்விகள் கேட்டாள். பதினெட்டு பெட்பேன் கழுவினாள். சாயங்காலம் அவள் விரல் நுனிகள் வெந்து வெளுத்துப் போயிருந்தன. அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. பெண் கெட்டிக்காரி, எல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள் என்று ஸ்டாஃப் நர்ஸிடம் வேறு நான் சொல்லி வைத்தேன். என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

ஆண்கள் வார்டில் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து, கட்டிலில் தொங்கும் அட்டையில் எழுதுவது அவள் வேலை. டாக்டர் அந்த அட்டையைப் பார்த்துத்தான் கொயினா மருந்தைத் தொடர்வதா, ஆளை வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார். ஒரு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஒரு நாள் காலை என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒன்னு கேக்கணும்."

"கேளு. கணக்கு ஞாபகம் இருக்குல்ல?" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, கட்டுத்துணி எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டாள். வலது பக்கத்து அலமாரியைக் காட்டினேன். அப்படியே என் ஆறு பெட்பேன்களையும் காட்டினேன். கழுவி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நேரே காய்ச்சல் பார்க்கப் போனாள்.

டாக்டர் வந்தார். ஒரு தோட்டத் தொழிலாளியின் அட்டையைப் பார்த்து, காய்ச்சல் விட்டுவிட்டது, போகலாம் என்று எழுதிவிட்டுப் போனார். வாசலில் தோட்டத்து லோரி நின்றது. ஏறுவதற்குக் காலைத் தூக்கிய மனிதர் அப்படியே மண்ணில் சாய்ந்தார். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தினார்கள். நான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். நூற்று நான்கு. காலையில் அவள் எழுதியது தொண்ணூற்றெட்டு சொச்சம்.

அவளைக் கழுவும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னடி எழுதி வச்சிருக்க?"

"அந்தக் கண்ணாடிக் குச்சியில எனக்கு ஒன்னுமே தெரியலக்கா. நம்பர் தெரியுது. உள்ள கோடுங்கிறாங்க, அது என் கண்ணுக்குத் தெரியவே மாட்டேங்குது."

"அப்ப இந்த ஒரு மாசமா?"

"நெத்தியில, கழுத்துல கைய வச்சுப் பாத்து எழுதினேன். தோட்டத்து லயத்து வீட்டுல எங்கம்மா அப்படித்தான் பாக்கும். தப்பாப் போனதே இல்ல. இன்னைக்குக் கை கொதிதண்ணியில கெடந்துச்சு. அவரு நெத்தி எனக்கு ஜில்லுன்னு இருந்துச்சுக்கா."

காலையில் அவள் கேட்க வந்தது கட்டுத்துணியைப் பற்றி அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு மாதமாகக் குச்சியைப் பார்க்கத் தெரியாது என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து கேள்வியை மாற்றியிருக்கிறாள். அவள் கையைச் சூடாக்கி அனுப்பியதும் நான்தான்.

மேட்ரன் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். தோட்டத்துப் பெண்களை எடுத்தால் இப்படித்தான், எவ்வளவு சொன்னாலும் மண்டையில் ஏறாது என்று ஸ்டாஃப் நர்ஸ் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினாள். அவள் மட்டும் தோட்டத்துக்காரர்களின் பேத்தி இல்லையாம்! மேட்ரன் என் பக்கம் திரும்பினார்.

"நீ இவளுக்குச் சொல்லிக்கொடுத்தாயா?"

வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்பார்கள். கொழுக்கட்டை இருந்திருந்தாலும் பரவாயில்லை. நான் வாயைத் திறந்து, "சொல்லிக்கொடுத்தேன்" என்றேன். என் சர்ட்டிபிகேட்டுக்கு இரண்டு மாதம்தான் பாக்கி. அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெட்பேனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தப்பு என்னோடது" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் நானே மேட்ரனிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேனாவைக் கூடக் கீழே வைக்கவில்லை. அந்த ஆள் பிழைத்துக்கொள்வார், பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திக் கடிதம் கொடுத்தாகிவிட்டது, அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள் என்றார். பிறகு சொன்னார்: "பெட்பேன் விஷயம் எனக்கு எப்போதோ தெரியும். அது பெண்களை உறுதியாக்கும்."

தெரியுமாம்! சுவரில் ஒன்றை ஒட்டி வைத்துவிட்டு, கழுவும் அறையில் நடப்பதையும் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். "அப்படியானால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள்" என்று கத்தினேன். முந்தின நாள் வந்திருக்க வேண்டிய தைரியம். ஒரு நாள் பிந்தி வந்த தைரியத்தை நாய் கூட மோந்து பார்க்காது. என் திமிருக்கு ஆறு மாதம் சர்ட்டிபிகேட்டை நிறுத்தி வைத்தார்கள். வைக்கட்டும்.

பிற்பாடு என் பொறுப்பில் வார்டு வந்தபோது, புதிதாக வந்தவர்கள் கேட்டதையே பத்துத் தரம் கேட்டாலும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். ஒன்றுமே கேட்காமல் தலையாட்டுகிறவளைத்தான் திட்டினேன். அதற்காக என்னை நல்லவள் என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அது எந்த விலையில் வந்த புத்தி என்று எனக்குத் தெரியும்.

அன்று கத்திவிட்டு, மேட்ரன் அறையிலிருந்து நேரே பாசாருக்குப் பக்கத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன், போட்டிருந்த உடுப்போடு. அவள் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

"அது கெடக்கட்டும்க்கா. அந்தக் குச்சியில எப்படித்தான் பாக்குறது? இனிமே கேக்கலாம்ல?"

குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உண்மையாகவே கேட்டாள். என் பையில், முந்தின நாள் யாருக்கோ வைத்துவிட்டு உதறாத தெர்மாமீட்டர் இருந்தது. எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"நேராப் பாத்தா தெரியாது. ரெண்டு வெரலுக்கு நடுவுல மெதுவா உருட்டு. ஒரு எடத்துல வெள்ளிக் கோடு பளிச்சுன்னு வரும்."

வாங்கி உருட்டினாள். முதல் தரம் தாண்டிப் போய்விட்டாள். திரும்ப உருட்டினாள். விரல் நின்றது.

"தெரியுதுக்கா! தொண்ணூத்தொம்பது!"

அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு அது மெல்ல இறங்கியது.

"இவ்வளவுதானாக்கா?"

பஸ் வந்துவிட்டது. தெர்மாமீட்டரை முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.